மினியா, ஃபியட் 500-ஆ?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் ஸ்கூட்டரை எடுத்துவிட்டாய் என்று படித்ததில் நிம்மதி. இங்கே பர்மிங்காமில் எனக்கும் ஒரு செய்தி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், பிள்ளைகளைப் போல் பேணிவரும் 1962-ஆம் ஆண்டு மினி காரையும் 1968-ஆம் ஆண்டு ஃபியட் 500 காரையும் சென்ற ஞாயிறன்று என்னை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

முதலில் மினி. 1956-இல் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததன் விளைவாகப் பிறந்து, 1959-இல் வெளிவந்த வண்டி இது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 848 சிசி எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே அதே எண்ணெயில் ஓடும்படி வைத்து, பத்து அங்குலச் சக்கரங்களையும் சுருள்வில்லுக்குப் பதிலாக ரப்பர் கூம்புகளையும் பொருத்தியதால்தான், மூன்று மீட்டரை ஒட்டிய நீளத்துக்குள் நான்கு பெரியவர்கள் உட்கார முடிகிறது. கதவுக் கண்ணாடி கீழே இறங்காமல் பக்கவாட்டில் நகர்வதால், கதவின் உட்புறம் முழுவதும் பெரிய பையாகிவிட்டது. வளைவில் திருப்பினால் சாலையில் ஒட்டிக்கொண்டதுபோல் போகிறது. 1964-இல் மான்டே கார்லோ ராலியை மினி வென்றதில் வியப்பே இல்லை.

ஃபியட்டோ 1957-லேயே வந்துவிட்டது. வடிவமைத்தவர் டான்டே ஜியாகோசா; நம் ஊரில் பத்மினியாக ஓடிய ஃபியட் 1100-உம் அவர் கைவண்ணம்தான். பின்பக்கத்தில் காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர் எஞ்சின், பதினெட்டுக் குதிரைத்திறன். சாவியைத் திருப்பினால் மட்டும் கிளம்பாது. இருக்கைகளுக்கு நடுவே உள்ள சிறிய நெம்புகோலைத் தூக்கினால்தான் தடதடவென்று உயிர் வரும். கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் சின்க்ரோமெஷ் இதில் இல்லாததால், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துத்தான் கீழ்க் கியருக்கு இறங்க வேண்டும். உன் அப்பா லாரியில் போட்ட அதே டபுள் கிளட்ச்! முதல் நான்கைந்து முறை கியர் கரகரவென்று அரைந்தது. பெரியவர் மரியாதையாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

மினியே அறிவாளியின் வண்டி என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களை இயக்கும் அந்த வழியில்தான் வருகின்றன. ஆனால் ஏதாவது பழுதென்றால் அந்த முன்பெட்டிக்குள் கையை நுழைக்கவே இடமில்லை. ஃபியட்டில் பின்மூடியைத் திறந்தால் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. நீயும் நானும் ஒரு பிற்பகலில் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடலாம். கான்வாஸ் கூரையைச் சுருட்டிவிட்டு மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் போனபோது, ஏதோ பெரும் வேகத்தில் பறப்பதுபோல் இருந்தது. எனக்கு ஒன்றைக் கொடுப்பதென்றால் ஃபியட்டைத்தான் கேட்பேன்.

மே மாதம் நீ வரும்போது இரண்டையும் ஓட்டலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். ஃபியட்டின் பின்னிருக்கையில் மட்டும் உட்கார ஆசைப்படாதே. உன் முழங்காலுக்கு அங்கே இடமில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்