பாப்பா உறங்கிய பின்

அம்பத்தூர்,
18.01.2026

அன்புள்ள நண்பா,

போகிக்கு முந்தைய நாள் உன் கடிதம் வந்தது. பொங்கல் வேலைகளுக்கு நடுவே இரண்டு முறை படித்துவிட்டேன்; பதில் எழுத இன்றைய ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் வாய்த்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மீண்டும் கோயிலுக்கு நடந்து போகிறார் என்று எழுதியிருந்தது மனத்துக்கு நிறைவாக இருந்தது. இங்கு நானும் என் மனைவியான உன் தங்கையும் பாப்பாவும் நலம். பாப்பாவுக்குப் பதினாலு மாதம் ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கையை விட்டால் உட்கார்ந்துவிடுகிறாள். தவழ்வதில் மட்டும் அவளை யாராலும் பிடிக்க முடியாது.

கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டும் ஆசை குழந்தை பிறந்த பிறகும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. ஆனால் அதன் நேரமும் நோக்கமும் மாறிவிட்டன. முன்பெல்லாம் புதிதாக வரும் பிராசசர் (கணினியின் மூளை) பழையதைவிட எத்தனை மடங்கு வேகம் என்பதுதான் என் பேச்சாக இருந்தது. இப்போது இரவு பத்து மணிக்குப் பாப்பா உறங்கிய பின், எனக்கும் உறக்கம் வருவதற்கு முன் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில், பக்கத்து அறையில் ஓசை எழாமல் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்கிறேன்.

சென்ற நவம்பரில் உன் தங்கை டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினாள். வகுப்புக் காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்றாள். புதிய கணினி வாங்கும் நிலையில் நான் இல்லை. ஒரு சனிக்கிழமை, மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். நரசிங்கபுரம் தெரு முனையில், நாம் கல்லூரி விடுமுறையில் வந்து ஒரு சால்டரிங் அயனுக்காக முக்கால் மணி நேரம் பேரம் பேசினோமே, அந்த இடத்தில் சற்று நின்றுவிட்டுத்தான் போனேன்.

பழைய கணினிகள் குவிந்து கிடந்தன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. அதற்கு அடுத்த பதிப்போ, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால், உடலில் எந்தக் குறையும் இல்லாத கணினிகளை அலுவலகங்கள் கழித்துக் கட்டுகின்றன. எனக்கு இது பொறுக்கவில்லை. நான் வாங்கி வந்த கணினியில் இருப்பது 2011-இல் வெளியான, நான்கு கோர் கொண்ட ஐ5-2400 பிராசசர். பக்கப் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து, முதலில் மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய பலகையில், மின்சாரத்தைத் தேக்கித் தரும் கெப்பாசிட்டர்களைத்தான் பார்த்தேன். நாம் படித்த ஆய்வகத்தில் பாதிக் கணினிகள் கெப்பாசிட்டர் தலை உப்பிச் செத்துப்போனது உனக்கு மறந்திருக்காது. இதில் எல்லாத் தலைகளும் தட்டையாக, சுத்தமாக இருந்தன. கடைக்காரர் நாலாயிரத்து ஐநூறு சொன்னார், நாலாயிரத்துக்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்து இயக்கியபோதுதான் அதன் சத்தம் தெரிந்தது. பத்து நிமிடத்தில் விசிறி முழு வேகத்தில் இரையத் தொடங்கியது, பாப்பா விழித்துக்கொண்டாள். பிராசசரின் சூடு 86 டிகிரியில் நின்றது. மறுநாள் இரவு, பிராசசரின் மேல் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளையும் திருகி விடுவித்துத் தூக்கினேன். தெர்மல் பேஸ்ட் காய்ந்து, சுண்ணாம்பு போலப் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. இரண்டு உலோகப் பரப்புகள் எத்தனை வழவழப்பாகத் தெரிந்தாலும் அவற்றுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கினால் சூடு கடக்காது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பேஸ்டின் வேலை. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பழைய பனியன் துணியால் உலோகம் மின்னும்வரை துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்டை வைத்து, கூலரை நேராக இறக்கி, எதிரெதிர் மூலைகளாக அழுத்தினேன். நான்கு முறை 'டிக்' என்றது. நான்காவது ஓசைக்குப் பிறகு அடுத்த அறையைக் காது கொடுத்துக் கேட்டேன், பாப்பா அசையவில்லை. சூடு 61 டிகிரிக்கு இறங்கியது. விசிறியின் இரைச்சலும் ஓய்ந்தது.

ஹார்டு டிஸ்கையும் எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு ஒரு முறை சுழன்று வரவே எட்டு மில்லி வினாடிக்கு மேல் ஆகும். ஊசிமுனை ஒவ்வொரு தகவலுக்கும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பும் இல்லை, கரகரப்பும் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் நிறுவி, தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக் கொடுத்தேன். உன் தங்கை இப்போது அதில்தான் குறிப்பெடுக்கிறாள்.

நண்பா, இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. அந்தக் கணினியை நிறுத்தி இயக்கும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போனது. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தெரிந்து, புதியதை மாட்டிவிட்டுப் பழையதை மேசை ஓரத்தில் வைத்தேன். அன்று பகல் நேரம். தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பாப்பா மேசைக் காலைப் பிடித்து நின்றிருந்தாள். ஒரு கை மூடியிருந்தது. அந்தக் கை வாயை நோக்கிப் போனது. விரல்களைப் பிரித்தபோது உள்ளங்கையில் அந்த வட்டப் பேட்டரி ஈரமாக ஒட்டியிருந்தது. ஒரு தடவை வாய்க்குப் போய் வந்திருக்கிறது என்று அந்த ஈரமே சொல்லிற்று.

அதன் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்வதற்கு ஏற்ற அளவு அது. சிக்கினால், ஈரமான சதையின் வழியே மின்னோட்டம் பாய்ந்து, அந்த இடத்தில் காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோனது என்று நாம் எறியும் பேட்டரிக்கும் அந்த வலு உண்டு. அன்று மாலை அதை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன்: 2.5 வோல்ட். கடிகாரத்தை ஓட்டத்தான் அதற்குச் சக்தி இல்லை. என் குழந்தையைச் சுட்டெரிக்கும் சக்தி இருந்தது. பத்து வருடமாக இந்த பேட்டரிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தவன் நான். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாளே உன் தங்கை, மூடி இறுக்கமான ஓர் எவர்சில்வர் சம்படத்தைக் கொடுத்து, இனி எல்லாம் இதற்குள் என்றாள். திருகாணி, ஜம்பர், பேட்டரி எல்லாம் அதில். அந்தச் சம்படம் பீரோவின் மேல். தீர்ந்த பேட்டரியின் இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டியே வைக்கிறேன். வேலை முடிந்ததும் திருகாணிகளை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விளக்கை அணைப்பதில்லை. உன் மகனுக்கு இரண்டு வயது. உன் வீட்டில் எடை பார்க்கும் கருவி, கார் சாவி, ரிமோட் ஆகியவற்றின் பின்மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் பார்த்துவிடு. இதை உன் அண்ணன் வீட்டிலும் சொல்.

இனி ஒரு வேண்டுகோள். நான் வாங்கிய அந்தக் கணினியில் ஒரே ஒரு 4 ஜிபி ராம் (நினைவகப் பட்டை) இருக்கிறது. இன்னொன்று சேர்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். உன் தங்கை காணொளியும் குறிப்பும் ஒன்றாகத் திறந்தால் திணறாது. சென்ற ஆண்டின் கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டே போகிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான சில்லுகளைச் செய்வதில்தான் பெரிய நிறுவனங்களுக்கு நாட்டம். நாம் முதன்முதலில் காசு சேர்த்து வாங்கிய ராமின் பெயர் நினைவிருக்கிறதா? அரசு கொடுத்த மடிக்கணினியைப் பயந்து பயந்து திறந்து மாட்டினோமே, அந்தக் குருஷியல் விற்பனையையே நிறுத்தப்போவதாக அதைத் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் டிசம்பரில் அறிவித்துவிட்டது. படித்தபோது வருத்தமாக இருந்தது.

2013-இல் நாம் சேர்ந்து பூட்டிய கணினி அம்பாசமுத்திரத்தில் உன் வீட்டுப் பரணில்தானே இருக்கிறது? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு நீ எப்படியும் ஊருக்குப் போவாய். அப்போது அதைத் திறந்து, உள்ளே இருக்கும் 4 ஜிபி டிடிஆர்3 வகை ராமை எடுத்து அனுப்பு. இரு பக்கக் கொக்கிகளையும் ஒன்றாக விலக்கினால் தானே எழும்பி வரும். ஓரங்களைப் பிடித்துத் தூக்கு. பொன்னிறப் பற்களில் விரல் படவேண்டாம். கறுத்திருந்தாலும் கவலையில்லை, அழிரப்பரால் நான் துடைத்துக்கொள்கிறேன். அந்த மதர்போர்டிலும் ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். அதைக் கழற்றி, இரு பக்கமும் டேப் ஒட்டி, உன் மகன் கைக்கு எட்டாத இடத்தில் வை.

அன்புடன்,
உன் நண்பன்