வாக்கியம் எங்கே நிற்கவில்லை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சொல்ல வந்ததெல்லாம் அதில் இருக்கிறது. உன் மேலாளர் கோடு போட்ட இடங்களில் சொற்கள் சரிதான், வாக்கியம்தான் நிற்கவில்லை. இதற்காக உனக்கு ஆங்கிலமே வராது என்று நினைத்துக்கொள்ளாதே.

'பிகாஸ் தி ரிப்போர்ட் கேம் லேட்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாய். எழுவாய் இருக்கிறது, வினையும் இருக்கிறது. ஆனால் 'பிகாஸ்' முன்னால் வந்ததும் அது துணை வாக்கியமாகிவிட்டது. 'அறிக்கை தாமதமாக வந்ததால்' என்று நீ பேச்சை நிறுத்தினால், 'வந்ததால் என்ன ஆச்சு?' என்று நான் கேட்க மாட்டேனா? 'வி மிஸ்டு தி டெட்லைன்' என்ற அடுத்த வரியோடு அதைச் சேர்த்துவிடு. கலவை வாக்கியம் என்பது அதுதான்.

அப்புறம், 'இஸ் வெரி டிஃபிகல்ட்' என்று தொடங்கும் வரி. அதில் எழுவாயே இல்லை. இது தமிழ்ப் பழக்கம். நாம் 'வந்தேன்' என்றால் போதும், அந்த 'ஏன்' விகுதியே 'நான்' என்று சொல்லிவிடும். ஆங்கிலத்தில் வெறும் 'கேம்' என்றால் வந்தது நானா, நீயா, அவளா என்று எப்படித் தெரியும்? அதனால்தான் மழை பெய்தால்கூட 'இட் இஸ் ரெய்னிங்' என்று, எதையும் குறிக்காத ஒரு 'இட்'டைக் கொண்டுவந்து எழுவாய் இடத்தில் உட்கார வைக்கிறார்கள்.

இடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'அம்மா மகளைக் கூப்பிட்டாள்', 'மகளை அம்மா கூப்பிட்டாள்', இரண்டும் ஒன்றுதான். அந்த 'ஐ' உருபு மகளை விட்டுப் போகாது. 'தி மதர் கால்டு தி டாட்டர்' என்பதை மாற்றிப் போட்டால் கூப்பிட்டது நீ ஆகிவிடுவாய். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசைதான் அங்கே வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. நீண்ட வாக்கியம் பயமுறுத்தினால் முதலில் வினையைக் கண்டுபிடி, அதைச் செய்தது யார் என்று கேள். மற்றதெல்லாம் தானாகப் பிரிந்துவிடும்.

'ஐ கால்டு ஹிம், ஹி டிட் நாட் ஆன்சர்' என்பதில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டியிருக்கிறாய். அலுவலகக் கடிதத்தில் இது தவறு. நடுவில் 'பட்' போட்டால் தொடர் வாக்கியமாகும். முற்றுப்புள்ளி வைத்துப் பிரித்தாலும் சரி. எனக்குப் பிரிப்பதுதான் பிடிக்கும்.

செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்ற நான்கு வாக்கிய வகையும் உனக்குத் தெரியும். வினாவில் மட்டும் கவனம். நாம் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்துக் கேட்டுவிடுகிறோம். அங்கே 'யூ ஆர் ரெடி' என்பது 'ஆர் யூ ரெடி' என்று இடம் மாறும். மாற்ற அப்படித் துணைவினை இல்லாவிட்டால் 'டு யூ நோ ஹிம்' என்று 'டு' வந்து நிற்கும். கட்டளையில் 'யூ' மறைந்தே இருக்கும், அது தவறில்லை.

திருத்தி எழுதியதை இன்றிரவே அனுப்பு. காலையில் எழுந்ததும் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா