நாலாவது பாடத்தை விட்ட என் அக்கா மகளுக்கு

அன்புக் குஞ்சு,

ஏ லெவலில் வரலாற்றை விட்டுவிட்டு ஈபிகியூ, அதாவது நீயே தலைப்பு எடுத்து ஆராய்ந்து எழுதுகிற புரொஜெக்ட், எடுக்கப்போவதாகக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாய். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒன்றும் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கொஞ்சம் கோபம்தான். கெமிஸ்ட்ரி, பயோலொஜி, மெத்ஸ் மூன்றும் அப்படியே இருக்க, நீ யாரும் சொல்லாமலே வாசிக்கிற ஒரே பாடம் போய்விட்டது. ஏன் போனது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன், அத்தானும் இதை வாசிப்பார்.

உனக்குத் தனியாக அனுப்பாமல் இங்கே போடுவதற்கு மன்னித்துக்கொள். உன் பெயரோ பள்ளியோ இதில் வராது. லண்டனில் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் உன் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேரின் தாய்தகப்பன் ஊரில் ஏ.எல் எடுத்தவர்கள். அவர்களுக்குப் படிப்பு என்றால் பாஸ்ட் பேப்பர், ரியூசன், திரும்பவும் பாஸ்ட் பேப்பர். அவர்களைக் கரைசேர்த்த வழி அது, குறைசொல்ல மாட்டேன். ஆனால் இங்கே பள்ளியின் கடைசி இரண்டு வருடமான சிக்ஸ்த் ஃபோர்ம் நேரசூசியில் 'இண்டிபெண்டன்ட் ஸ்டடி' என்று வெறுமையாகக் கிடக்கிற கட்டங்களில் என்ன செய்வது என்று கேட்க அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆளில்லை. உனக்கு நான் இருந்தேன். நீ கேட்கவில்லை.

சரி, எடுத்தது எடுத்தாயிற்று. ஈபிகியூ அரை ஏ லெவல் பெறுமதி, ஏ ஸ்டார் வந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற யூகாஸில் 28 புள்ளி என்பதெல்லாம் உனக்குத் தெரிந்தது. 5000 சொல்லில் கட்டுரை எழுதினால் முடிந்தது என்றுதான் உன் வயதில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஏக்யூஏ என்ற பரீட்சைச் சபையின் திட்டத்தில் அந்தப் படைப்புக்கு 40 வீதம்தான். வேலையைத் திட்டமிட்டு நடத்தியதற்கு 20, மூலங்களைத் தேடிப் பயன்படுத்தியதற்கு 20, செய்ததைத் திரும்பிப் பார்த்து மதிப்பிட்டதற்கு 20. அந்த 60 வீதத்துக்குப் பெரும்பாலும் சாட்சி சொல்வது உன் வேலைக் குறிப்பேடான புரொடக்‌ஷன் லொக். நல்ல கட்டுரை எழுதின பிள்ளைகள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். கடைசிக் கிழமையில் ஒரே இருப்பில், எல்லாம் நினைத்தபடியே நடந்தது என்று லொக்கை நிரப்பிவிடுவார்கள். எங்கே வழி தவறியது, எதைத் தூக்கி எறிந்தாய், ஏன் தலைப்பை மாற்றினாய் என்பவற்றுக்குத்தான் அங்கே மார்க். அன்றன்று ஐந்து வரி எழுது: எதைத் தேடினேன், என்ன கிடைத்தது, எதை விட்டேன், ஏன், அடுத்தது என்ன. அலங்காரம் வேண்டாம்.

தலைப்பில் கவனம். 'காலரா லண்டனை எப்படி மாற்றியது?' என்று நீ அக்காவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு 5000 சொல் காணாது, 50,000மும் காணாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எழுதி, ஒன்றையும் நிறுவாமல் முடிப்பாய். '1854இல் பம்பின் கைப்பிடியைக் கழற்றியதுதான் ப்ரோட் ஸ்ட்ரீட் மரணங்களைக் குறைத்ததா?' என்று கேள். அந்தத் தெருவின் தண்ணீர்ப் பம்பால்தான் காலரா பரவியது என்று ஜோன் ஸ்னோ என்ற லண்டன் டொக்டர் சொல்லித்தான் கைப்பிடியைக் கழற்றினார்கள். இதற்கு ஆம் என்பவரும் உண்டு, இல்லை என்பவரும் உண்டு. வேண்டிய மூலங்களும் உன் கைக்கு எட்டும். இன்னொன்று, ஏ லெவல் பாடத்திட்டத்தில் இருப்பதையே திருப்பி எழுத விடமாட்டார்கள். ஆகவே கிருமி குடலில் என்ன செய்கிறது என்று பயோலொஜிப் புத்தகத்தை நாலு பக்கத்துக்குக் கொட்டாதே. வரலாற்றை நீ விட்டதால் அந்தப் பக்கம் கதவு திறந்தே கிடக்கிறது. இதை எழுதும்போது எனக்கே மனம் ஒருமாதிரி இருக்கிறது.

பள்ளி தந்த வாசிப்புப் பட்டியலை மேலிருந்து கீழே டிக் போட்டுக்கொண்டு போகிறாய். அது அப்படிப் போவதற்கான பட்டியல் இல்லை. ரீச்சர்மார் ஆளாளுக்குப் பிடித்ததைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது அது. இரண்டை எடு, ஒன்று மெல்லிசு, மற்றது மொத்தம். மெல்லிசுக்கு ஒக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் 1995 முதல் போடுகிற 'வெரி ஷோர்ட் இன்ட்ரொடக்‌ஷன்' வரிசை போதும், உன் ஜக்கெட் பையில் அடங்கும். அதன் கடைசிப் பக்கங்களில் மேலே என்ன வாசிக்கலாம் என்று இருக்கும். அடுத்த புத்தகத்தை அங்கிருந்து பிடி, பட்டியலுக்குத் திரும்பிப் போகாதே. மொத்தத்துக்கு, கெமிஸ்ட்ரி என்றால் கீலரும் வொதர்ஸும் எழுதி 2003இல் வந்த 'வை கெமிக்கல் ரியாக்‌ஷன்ஸ் ஹப்பென்'. தொடக்கத்திலேயே என்ட்ரோபியில் பிடித்து, பள்ளியில் 'இப்படித்தான் நடக்கும்' என்று சொல்லிவிட்டுப் போனதற்குக் காரணம் காட்டுவார்கள். அதைக் கட்டிலில் படுத்து நாவல் மாதிரி வாசித்தால் மூன்றாம் நாள் நின்றுவிடும். பென்சிலும் தாளும் எடுத்து ஒவ்வொரு ஓர்பிட்டல் படத்தையும் நீயே கீறிப் பார்த்தால்தான் ஓடும். மெத்ஸுக்கு வாசிப்பதை விடச் செய். கேம்பிரிட்ஜின் என்ரிச், அண்டர்கிரவுண்ட் மெத்தமெட்டிக்ஸ் என்ற இரண்டு தளமும் இலவசம்.

எந்தப் புத்தகமானாலும் முன்னுரை, பொருளடக்கம், நடுவில் ஒரு அத்தியாயம். இருபது பக்கம் போயும் கேட்க ஒன்றும் தோன்றவில்லை என்றால் லைப்ரரியில் திருப்பிக் கொடு. எல்லாப் புத்தகத்தையும் முடிக்க வேண்டும் என்று உனக்கு யார் சொல்லித் தந்தது?

நான்தான் என்று சொல்வாய். சின்னவளாக இருக்கும்போது சொல்லியிருப்பேன். அது வேறு வயது.

அம்மம்மாவின் திவசத்தன்று நீ மாடிப்படியில் இருந்தது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வீடு நிறையச் சனம், வாசலில் சப்பாத்துக் குவியல், நீ ஆறாவது படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஜோன் ஸ்னோ காலராவைப் பற்றி எழுதிய 1855ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தண்ணீர்க் கம்பனி அட்டவணை உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காக எழுதிவிடுகிறேன். 1854 காலராவின் முதல் ஏழு கிழமையில் நடந்த மரணங்களை வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்த கம்பனி வாரியாக ஸ்னோ பிரித்தார். சதர்க் அண்ட் வொக்ஸ்ஹோல் கம்பனி 40,046 வீடு, 1,263 மரணம். 1852இல் தேம்ஸில் மேலே போய்த் தண்ணீர் எடுக்கத் தொடங்கிவிட்ட லாம்பெத் கம்பனி 26,107 வீடு, 98 மரணம். லண்டனின் மிச்சம் 256,423 வீடு, 1,422 மரணம். பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை என்று கடைசி நிரலில் 315, 37, 59.

நான் வடை பொரித்துக்கொண்டிருந்தேன். நீ குசினிக்குள் வந்து, "சித்தி, கடைசி வரி பிழை. 55 தானே வருது, ஏன் 59 எண்டு போட்டிருக்கு?" என்றாய்.

1,422ஐ 256,423ஆல் பிரித்துப் பத்தாயிரத்தால் பெருக்கினால் 55.5. மற்றதையும் போட்டுப் பார்த்திருந்தாய். 315 சரி. லாம்பெத் 37.5 வருகிறது, மனுசன் 37 என்று விட்டிருக்கிறார். எத்தனையோ பேர் அப்படியே எடுத்து எழுதுகிற அட்டவணை. யாரும் உன்னைப் போடச் சொல்லவில்லை, அது ஹோம்வேர்க் இல்லை, சோதனைக்கு வராது. நீயாகப் போட்டாய். கரண்டியை வைத்துவிட்டு உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அதற்குள் ஹோலில் இருந்து ஒரு குரல், மெத்ஸ் பேப்பர் முடிந்ததா என்று. உன் முகம் மாறியது. "இதை எழுதினா மார்க் வருமா சித்தி?" என்று கேட்டாய். ஆட்கள் சாப்பாட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள், நான் வரும் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கேள்வியைக் கேட்க உன்னைப் பழக்கியவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இப்போது முழுப் பதில் சொல்கிறேன். வரும், ஆனால் 'ஸ்னோ பிழைவிட்டார்' என்று ஒரு வரியில் எழுதினால் வராது. 59 அச்சுப் பிழையா, வேறு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டாரா என்று தேடு. புத்தகத்தில் வேறு இடத்தில் அந்த எண்கள் வருகின்றனவா பார். இதை முன்பே யாராவது குறித்திருக்கிறார்களா என்று ஆய்வுக் கட்டுரைகள் இருக்கிற ஜேஸ்டோர் தளத்தில் பார். இலவசக் கணக்கிலேயே மாதம் 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். பிறகு, இந்தப் பிழையால் அவருடைய வாதம் விழுகிறதா என்று கேள். விழவில்லை, 315க்கும் 37க்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அப்படியே நிற்கிறது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அங்கே இருக்கிறது: அவர் பிரித்தது வீட்டால், ஆளால் இல்லை. ஒரு கம்பனியின் வீடுகளில் சனம் நெருக்கமாக இருந்திருந்தால்? இரண்டு கம்பனிக் குழாயும் ஒரே தெருக்களில் கலந்து ஓடின என்று ஸ்னோ அதற்குப் பதில் வைத்திருக்கிறார். அந்தப் பதில் உனக்குப் போதுமா? இவ்வளவும் லொக்கில் இரண்டு பக்கம், கட்டுரையில் ஒரு பந்தி.

கைப்பிடிக் கதையும் அப்படித்தான். 1854 செப்டெம்பர் 8இல் கழற்றினார்கள், காலரா நின்றது என்றுதான் பலரும் சொல்வார்கள். ஸ்னோவின் புத்தகத்தைத் திற. சனம் ஊரைவிட்டு ஓடத் தொடங்கி, கழற்றுவதற்கு முன்பே நோய் குறைந்துவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார் ஸ்னோவை நம்பாமல் தேடத் தொடங்கியவர். ப்ரோட் ஸ்ட்ரீட் 40ஆம் இலக்க வீட்டுக் குழந்தையின் அழுக்குத் துணி கழுவிய தண்ணீர் கிணற்றுக்குப் பக்கத்துக் குழியில் போனதைக் கண்டுபிடித்துக் கடைசியில் ஸ்னோவின் பக்கமே வந்தார். உன் கட்டுரையில் அவருக்கு இடம் கொடு. எதிர்த்து நின்றவரை வாசிக்காமல் விட்டால் மூலங்களுக்கான அந்த 20 வீதத்தில் கை வைத்துவிடுவார்கள்.

வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அரைப் பக்கம் எழுது. என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், எங்கே எனக்கு ஒப்பவில்லை, பக்க எண். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அவருடைய வசனத்தையே கொப்பியில் இறக்கிவிடுவாய். மூன்று மாதம் கழித்து அது யாருடைய வசனம் என்று உனக்கே தெரியாது, அங்கேதான் திருட்டு என்ற பேச்சு வருகிறது. பக்க எண்ணை அப்போதே குறிக்காவிட்டால் கடைசியில் அடிக்குறிப்புப் போட இரண்டு நாள் போகும்.

சாட்ஜிபிடியிடம் சுருக்கம் கேட்கிறாய் என்று தெரியும். அதைப் பாவித்தால் பாவித்தேன் என்று எழுத வேண்டும், அது தந்ததை உன் எழுத்தாகக் கொடுத்தால் பரீட்சைச் சபைகளின் கூட்டமைப்பான ஜேசிகியூவின் விதிப்படி முறைகேடு. விதியை விடு. ஸ்னோவைச் சுருக்கமாக வாசித்திருந்தால் கடைசி நிரல் உன் கண்ணில் பட்டிருக்குமா?

யூகாஸுக்கு உன்னைப் பற்றி நீ எழுதுகிற பெர்சனல் ஸ்டேட்மென்டில் இப்போது மூன்று கேள்வி. எல்லாமாக 4000 எழுத்து, இடைவெளியும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஏன் இந்தப் பாடம், உன் படிப்பு எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். மெடிசின் என்றால் ஒக்டோபர் 15 மாலை ஆறு மணிக்குள். எத்தனை புத்தகம் வாசித்தாய் என்று அடுக்க அங்கே இடமில்லை. உன் 55.5ஐ வைத்து ஐந்து வரி எழுதலாம். டொக்டராக வரப்போகிறவளுக்கு, ஒரு மரண விகிதத்தை அப்படியே நம்பாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்பது சின்ன விஷயமா? நேர்முகத்தில் யாராவது தோண்டினாலும் உன்னால் நின்று கதைக்க முடியும்.

லொக்கில் முதல் பதிவு போடுவதற்கு முன் மூன்று தலைப்பு எழுது. ஒவ்வொன்றுக்கும் கீழே கையில் இருக்கிற இரண்டு மூலம். மூலம் கிடைக்காத தலைப்பை அன்றைக்கே வெட்டு. ஸ்னோவின் புத்தகம் வெல்கம் கலெக்‌ஷன் தளத்தில் முழுதாக இருக்கிறது.

அத்தான், இதுவரை வாசித்திருந்தால் உங்களுக்கு ஒன்று. இந்த வேலைக்கு 120 மணித்தியாலம் என்று கணக்கு, அதில் 30தான் வகுப்பில். மிச்சம் 90ஐ அவள் வீட்டில் தேட வேண்டும், கிழமைக்கு மூன்று மணித்தியாலமாக முப்பது கிழமை. சனிக்கிழமை இரண்டாவது ரியூசனை நிற்பாட்டினால் சரியாக அவ்வளவு வரும்.

அன்புடன்,
சித்தி