இணைச்சீருக்கு நான் வந்துவிடுவேன்

லிஸ்பன், போர்ச்சுகல்
கார்த்திகை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. போனில் காது சரியாகக் கேட்பதில்லை என்று நீங்கள் எழுதி அனுப்புவது எனக்கு நல்லதாகப் போயிற்று. திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். தம்பிக்குத் தையில் முகூர்த்தம் குறித்ததில் ரொம்பச் சந்தோஷம்.

இங்கே நேரம்தான் படுத்துகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். நாலரை மணி நேர வித்தியாசம் ஐந்தரை ஆகிவிட்டது. கோயமுத்தூர் ஆபீசில் காலை 9.30 மணிக்கு மீட்டிங் என்றால் எனக்கு விடிகாலை 4 மணி. மதியம் 1 மணிக்கு வேலை முடிந்துவிடும், அப்புறம் பொழுது முழுக்க என்னுடையதுதான்.

அம்மா, குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளியே ஊட்டி அளவுக்குக்கூட இல்லை, வீட்டுக்குள்தான் குளிர். நான் இருப்பது அல்ஃபாமா என்ற பழைய பகுதி. 1755 நவம்பர் 1 அன்று பூகம்பம் வந்து, கடல் ஏறி, தீயும் பிடித்து ஊர் அழிந்தபோது இந்த மேடு பெரும்பாலும் தப்பிவிட்டது. கெட்டியான கல்சுவர், ஹீட்டர் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். கீழே இடிந்த பகுதியைத் திரும்பக் கட்டும்போது, அடுத்த பூகம்பத்தைத் தாங்க வேண்டுமென்று சுவருக்குள் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் வைத்தார்கள். கம்பிக்காகக் கொத்தனாரோடு மல்லுக்கட்டிய அப்பா இதைப் பார்க்க வேண்டும்.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். நான் விடிகாலையில் மீட்டிங்கில் பேசினால் துடைப்பக் கட்டையால் அவர் வீட்டு மேல்தளத்தை இடிப்பார். இப்போது சமையலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறேன். அதே பாட்டிதான் ஜன்னல் தொட்டியில் வளர்த்த கொத்தமல்லியைக் கத்தரித்து, நூலில் கட்டி என் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போகிறார். இவர்கள் சமையலில் கொத்தமல்லி தாராளமாகவே சேரும். இங்கத்திய கரோலினோ அரிசி குண்டாக, குழைவாக வேகும். மார்த்திம் மொனிஸ் என்ற பகுதியில் உள்ள கடைகளில் துவரம்பருப்பு கிடைக்கிறது. இரண்டையும் போட்டு அரிசிம்பருப்பு செய்து பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். கிண்ணத்தைக் கழுவி, சுட்ட கஷ்கொட்டைகளை நிரப்பித் திருப்பித் தந்தார். வெளியில் சாப்பிடுவதை நான் நிறுத்திவிட்டேன். வீட்டுச் சாப்பாடுதான் உடம்புக்கு நல்லது.

தம்பியிடம் சொல்லுங்கள், வாஸ்கோ ட காமாவின் கல்லறையைப் பார்த்துவிட்டேன். பெலேம் பக்கத்தில் ஜெரோனிமோஸ் மடத்துக் கோயிலுக்குள் இருக்கிறது. கடல் கடந்து வந்த மிளகு முதலான சரக்குகளின் வியாபாரத்தில் 100க்கு 5 என்று வரி எடுத்துக் கட்டிய மடம்.

அப்பா, எனக்கு லீவு கிடைக்காவிட்டால், மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் நின்று செய்யும் இணைச்சீருக்குப் பெரியப்பா மகளை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையெல்லாம் நடந்து அவனுக்குச் சோறூட்டியவள் நான். சீரை நடத்திவைக்கும் அருமைக்காரர் கூப்பிடும்போது அவன் பக்கத்தில் நான்தான் நிற்பேன். வேறு யாரையும் நிறுத்த வேண்டாம். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை. நம் வாசலில் உட்கார்ந்து யாராவது 'அம்மிணி' என்று கூப்பிட்டால் போதும் என்று இருக்கிறது. டிக்கெட்டைப் பற்றி யோசிக்காதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த மாதச் சீட்டுப் பணத்தை மட்டும் நீங்களே கட்டிவிடுங்கள். வந்ததும் சேர்த்துத் தருகிறேன்.

கல்யாணச் செலவுக்கு மஞ்சளை நம்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெட்டி, வேகவைத்து, காயவைத்து ஈரோடு போய்ச் சேர மாசி ஆகிவிடும். அதற்காகக் காளைகளை விற்க வேண்டாம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் மாசி வரை தவணை கேளுங்கள். தெரிந்தவர்கள்தானே.

பெரியப்பா வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் நீங்களும் அம்மாவுமே போய் வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். கிணற்றுப் பங்குப் பேச்சை அன்று எடுக்காதீர்கள். அவர் எடுத்தாலும், கல்யாணம் முடியட்டும் என்று சொல்லிவிடுங்கள். ஜவுளி எடுக்க எந்தக் கிழமை போகிறீர்கள் என்று தம்பியை மெசேஜ் போடச் சொல்லுங்கள். கூரைச் சேலையை நான் பார்த்த பிறகு பில் போட்டால் போதும்.

உங்கள்
அம்மிணி