மகளுக்கு, அந்தக் கட்டுரைப் போட்டி விசயமா

பிள்ளை, சுகமா இருக்கிறியோ? பேராதனையில விடாத மழை எண்டு தம்பி சொன்னான், சளி பிடிச்சா கொத்தமல்லி அவிச்சுக் குடி, பனடோலை மட்டும் போட்டுக்கொண்டு திரியாத. இஞ்ச வயல் விதைச்சாச்சு, வாய்க்காலில தண்ணி வருது, அம்மாவின்ர முழங்கால் நோ அப்பிடியே கிடக்கு.

நீ அனுப்பின கட்டுரையை தம்பி இங்கிலிசில வாசிச்சு எனக்குத் தமிழில சொல்லிக்கொண்டு வந்தவன். இசையும் சமூக மாற்றமும் எண்டு போட்டி வைக்கிறது நல்ல விசயம்தான். முதல் பாதி எனக்குப் பிடிச்சது. அமெரிக்காவில சார்ள்ஸ்ரன் எண்ட ஊரில 1945, 46ல சுருட்டுப் பக்டரியில வேலை செய்த கறுப்புப் பொம்பிளையள் ஸ்ரைக்கில நிக்கேக்க பாடின சேர்ச் பாட்டுத்தான் பேந்து ஹைலாண்டர் எண்ட பள்ளிக்கூடத்துக்குப் போய் அங்கயிருந்து 'வீ ஷல் ஓவர்கம்' எண்ட போராட்டப் பாட்டா நாடு முழுக்கப் பரவினது எண்டு எழுதியிருக்கிறாய் எல்லோ, அது வடிவா இருக்கு, ஏனெண்டா அதில கூலி ஏத்தச் சொல்லிக் கேட்ட சனம் இருக்கு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டிலுகளிலயும் ஒருத்தர் பேப்பரைச் சத்தமா வாசிக்க மற்றவை கேட்டுக்கேட்டு சுத்துவினம் எண்டு அப்பப்பா சொல்லுறவர். அதையும் ஒரு வரி போடலாம், போடாட்டிலும் பரவாயில்லை.

ஜமேக்காப் பாட்டுக்காரர் பொப் மார்லி விசயத்தில எனக்கு ஒரு குறை இருக்கு. 1978 ஏப்ரல் 22 கிங்ஸ்ரனில மேடைக்கு அந்த நாட்டில எதிரும் புதிருமா நிண்ட ரெண்டு கட்சித் தலைவர்மார் மான்லியையும் சியாகாவையும் கூப்பிட்டு ரெண்டு பேற்ற கையையும் தூக்கிச் சேத்துப் பிடிச்சார் எண்டதோட நிப்பாட்டிப் போட்டாய். தம்பி யூரியூப்பில காட்டினவன், ரெண்டு பேருக்கும் அங்க நிக்க மனமில்லை எண்டுதான் எனக்குப் பட்டது. ரெண்டு வருசத்தால 1980 எலெக்சனில அந்த நாட்டில நூற்றுக்கணக்கான சனம் செத்ததாம், அதையும் தம்பிதான் தேடிச் சொன்னவன். அதை எழுது பிள்ளை. கைகோத்த படத்தைப் போட்டிக்கு எழுதுற எல்லாரும் போடுவினம், மார்க் போடுறவைக்கு அலுத்துப் போயிருக்கும். எங்கட நாட்டிலயும் பாத்தனாங்கள்தானே, 2016 பெப்ரவரி 4 சுதந்திர தினத்தில தேசிய கீதத்தைத் தமிழிலயும் பாடிச்சினம், ரிவியில பாத்திட்டு அம்மா கண்ணைத் துடைச்சவா, 2020ல அதே விழாவில தமிழில பாடேல்ல. பாட்டால வந்த மாற்றம் எண்டு எழுதினா, வந்தது திரும்பிப் போனதையும் எழுத வேணும்.

இப்ப ரெண்டாம் பாதி. அதுக்குத்தான் போனில கதைக்காமல் இருந்து ரைப் பண்ணிக்கொண்டு இருக்கிறன், போனில எண்டா நீ ஓம் அப்பா ஓம் அப்பா எண்டு வைச்சிடுவாய்.

பறை எங்கட விடுதலையின்ர குரல் எண்டு எழுதியிருக்கிறாய். கம்பஸில பெடியள் பெட்டையள் எல்லாரும் சேந்து அடிக்கிற வீடியோவை நீ அனுப்பினனி, சிவப்புச் சால்வை கட்டிக்கொண்டு துள்ளித் துள்ளி அடிக்கினம், பாக்க நல்லாத்தான் இருந்தது, அடியும் பிழையில்லை. அவை அடிக்கிறது ஒரு பக்கம் மட்டும் தோல் இருக்கிற தப்பு எண்ட பறை. அப்பப்பா அடிச்சது கழுத்தில தொங்கப் போடுற ரெண்டு பக்கப் பறை மேளம், பாரம், சின்னனில நான் தூக்கிக்கொண்டு பின்னால போய்த் தோள் தழும்பினது. அடிக்க முதல் தென்னோலையைக் கொளுத்தி அந்தச் சூட்டில தோலைக் காட்டுவார், கிட்டப் பிடிச்சாத் தோல் வெடிக்கும், தள்ளிப் பிடிச்சா ஏறாது, நடுவிரலால ஒரு சுண்டு சுண்டிப் பாத்திட்டு இன்னும் கொஞ்சம் காட்டுவார், சத்தம் சரியா வந்தோண்ண ஒண்டும் சொல்லமாட்டார், எழும்பி நடப்பார். செத்த வீட்டுக்கு ஒரு அடி, கோயிலுக்கு ஒரு அடி, ஊருக்கு ஒரு விசயத்தை அறிவிக்கிறதுக்கு இன்னொரு அடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் என்ன நடந்தது எண்டு சனத்துக்கு விளங்கும்.

அந்த மனிசனை படலைக்கு வெளியிலதான் நிக்க விட்டவை. தேத்தண்ணி சிரட்டையில, இல்லாட்டி தனியா ஒதுக்கி வைச்ச ஜாம் போத்திலில. கோயிலுக்கு அடிக்கிறவர் கோயிலுக்குள்ள போகேலாது. 1957லயே சட்டம் வந்தது பிள்ளை, கோயில், கடை, பள்ளிக்கூடம் எண்டு சாதி சொல்லி ஒருத்தரையும் மறிக்கக்கூடாது எண்டு. பதினொரு வருசம் கழிச்சு 1968ல மாவிட்டபுரம் கோயில் வாசலில உள்ள விடச் சொல்லி சனம் குந்தியிருந்து அடி வாங்கினது. அப்பப்பா பேந்து யாழ்ப்பாணத்தை விட்டு கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரம் வந்தது காணிக்காக மட்டுமில்லை, இஞ்சயெண்டாலும் ஒரு மரியாதை கிடைக்கும் எண்டுதான். காணி கிடைச்சது, வயல் கிடைச்சது. செத்த வீடு வந்தா ஆள் அனுப்பினது எங்கட வீட்டுக்குத்தான்.

நான் மீசை முளைக்கிற வயசில இனி மேளம் தூக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு மேசன் வேலைக்குப் போனனான். அப்பப்பா ஏசேல்ல. பெரியப்பா மட்டும் விடாமல் அடிச்சவர், இப்பவும் ஆரும் மரியாதையாக் கேட்டாப் போவார், காசு முதலே பேசித்தான் போவார், அதுவும் ஒரு மாற்றம்தான், எழுது. நீ பள்ளிக்கூடம் போக, ஏ லெவல் எடுக்க, பேராதனைக்குப் போக எங்களுக்கு வழி விட்டது மேளத்தை விட்டதுதான் மகள். உன்ர கட்டுரையில அதுக்கு இடமே இல்லை. எல்லாரும் பறையைக் கையில எடுத்தா சமத்துவம் வரும் எண்டு எழுதியிருக்கிறாய், எடுக்காமல் விடுறதுக்கு நாங்கள் எவ்வளவு பேச்சு வாங்கினனாங்கள் எண்டு உனக்குத் தெரியாது, நீ அப்ப பிறக்கேல்ல.

2008 கடைசியில சண்டைக்குள்ள கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடேக்க அப்பப்பான்ர மேளம் வீட்டிலயே கிடந்தது, சோத்துப் பானையும் உன்னையும் தூக்கவே கை காணேல்ல. மாத்தளன் பக்கம் நடந்த சாவு ஒண்டுக்கும் ஆரும் மேளம் அடிக்கேல்ல, அதை நான் சொல்லத் தேவையில்லை. பேந்து செட்டிகுளம் அகதிக் காம்பில தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் எல்லாரும் ஒரே லைன், ஆர் எந்த ஆக்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல, நான் உண்மையாவே முடிஞ்சுது எண்டு நினைச்சன். ஊருக்குத் திரும்பி வீட்டுக்குக் கூரை போட முதலே கோயில் நிர்வாகக் கூட்டத்தில ஆர் முன்னுக்கு இருக்கிறது எண்டு தொடங்கியாச்சு.

கம்பஸ் பெடியள் அடிக்கிறதில எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை, அடிக்கட்டும். அவையளிட்ட ஒண்டு கேள், ஊரில ஒரு செத்த வீட்டுக்கு வந்து படலைக்கு வெளியில நிண்டு அடிப்பினமோ, அவையின்ர வீட்டில அதுக்கு விடுவினமோ எண்டு. என்ன பதில் வந்தாலும் அதை அப்பிடியே எழுது, கூட்டாத, குறைக்காத. மேடையில அடிச்சவருக்குப் பொன்னாடை, செத்த வீட்டில அடிச்சவருக்குச் சாராயமும் கொஞ்சக் காசும், ஒரே தோல்தானே. இதுக்கு விடை எனக்கு வேண்டாம், மார்க் போடுறவை யோசிக்கட்டும்.

எங்கட வீட்டுக் கதையை எழுதுறதோ விடுறதோ உன்ர விருப்பம். எழுதினா ஊரில என்ன கதைப்பினம் எண்டு அம்மா பயப்பிடுறா, அவாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். எழுதினா அப்பப்பாவைப் பாவம் பிடிச்ச மனிசனாக் காட்டாத, அந்தாள் நல்லா அடிக்கிறவர், அது அவருக்கும் தெரியும், சந்தோசமாத்தான் அடிச்சவர், அதையும் எழுத வேணும்.

அடிகளின்ர பேர் எல்லாம் எனக்கு மறந்து போச்சு, பெரியப்பாட்டக் கேள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடு, அதுக்கு முதல் வயலில நிப்பார், போன் வீட்டிலதான் கிடக்கும். கதைக்க முதல் ரெக்கோட் பண்ணுறன் எண்டு சொல்லு, இல்லாட்டிப் பேந்து ஏசுவார். போட்டிக்கு அனுப்புற கடைசித் திகதி எப்ப எண்டு நீ எழுதவே இல்லை, தம்பியிட்டச் சொல்லு. மெஸ் காசு வெள்ளிக்கிழமை போட்டு விடுறன்.

அப்பா