நியமனத்தில் வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? பேராக்கில் நம் சுங்கை சிப்புட் ஊரே உன்னைக் கவுன்சிலர் என்று கூப்பிடுகிறது. எனக்கு நீ இன்னும் பள்ளிக்கூடக் கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து இறக்கித் தரச் சொல்லி என் தையல் கடை வாசலில் நின்ற பையன்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

அடுத்த பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு நீ நிற்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் இரண்டு பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். நின்றால் என் ஓட்டு உனக்குத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் நீ எதைச் சொல்லி ஓட்டுக் கேட்கப் போகிறாய்?

போன மழைக்காலம் ஞாபகம் இருக்கிறதா? சாயங்காலம் நாலு மணிக்குப் பிடித்த மழை ஏழு மணியாகியும் விடவில்லை. தாமான் குடியிருப்பில் கால்வாய் நிரம்பி, தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. நீ கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, சாலைக்கு அடியில் போகும் குழாய்க்குள் கையை விட்டாய். முதலில் பாதி மெத்தை வந்தது. அப்புறம் ஒரு செம்பனை மட்டை. கடைசியாக ஒரு குழந்தையின் செருப்பு. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. நீ அந்தச் செருப்பைக் குழாயடியில் கழுவி வேலிக் கம்பியில் மாட்டிவிட்டுப் போனாய். மறுநாள் காலையில் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அப்படிப்பட்ட உன்னை அந்தப் பதவிக்கு நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, தம்பி. கட்சி பெயர் கொடுத்தது, மாநில அரசு நியமித்தது. அது உன் குற்றமில்லை. நம் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் மோதல் நடந்த சமயத்தில், 1965இல், உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு தீபகற்பத்தில் ஒரு மேயரும் ஒரு கவுன்சிலரும் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வந்ததில்லை. நல்லவர் வந்தால் நம் அதிர்ஷ்டம். வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? நீ நாளைக்கே மாற்றப்பட்டாலும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1957இல் பினாங்கின் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், ஒரு தமிழர். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மன்றத்தின் மேயர் அவர். நிறுத்தி வைத்த தேர்தலைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று ஆராய அரசாங்கம் அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் நம்மவர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். கொண்டுவர வேண்டும் என்றே அந்த ஆணையம் சொன்னது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உள்ளாட்சித் தேர்தலுக்கான விதிகள் இனிச் செல்லாது என்று எழுதி முடித்துவிட்டது. பினாங்கு மாநிலம் 2012இல் சொந்தமாகச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

ஆக, இந்தப் பூட்டுக்குச் சாவி நாடாளுமன்றத்தில்தான் இருக்கிறது. நீ அங்கே போக வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதற்காகத்தான். கால்வாய்க்குள் கையை விட்டவன் மக்களவையில் எழுந்து நின்று 15ஆம் பிரிவைப் பற்றிப் பேச வேண்டும்.

பேசினால் எதிர்ப்பு வரும். பட்டணங்கள் ஒரே இனத்தின் கைக்குப் போய்விடும் என்று பயம் காட்டுவார்கள். அவர்களுக்கு அந்தச் செருப்பைப் பற்றிச் சொல். யார் வீட்டுப் பிள்ளையுடையது என்று பார்த்துவிட்டா நீ குழாய்க்குள் கையை விட்டாய்?

ஓட்டு என்றால் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று உனக்குத் தெரியாது. என் பாட்டி நாற்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை, அதற்கு ஓட்டு இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் காலையில் குளித்து, பெட்டியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, எங்களோடு தோட்டத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து வருவார். வேலிக்கு வெளியே மரத்தடியில் எங்கள் பைகளையும் குடைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் வெளியே வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "போட்டாச்சா?" அந்த அட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக் குப்பையை அள்ள யாரையாவது அனுப்பச் சொல்லி அப்பா அலைந்தபோதெல்லாம், தோட்டம் தனியார் நிலம் என்றே பதில் வந்தது. சாலைச் சந்திப்பைத் தாண்டி உள்ளே இருந்த நாங்கள் எந்த ஊரின் கணக்கிலும் இல்லை.

பிரச்சாரத்துக்கு வருவோம். அரிசி மூட்டை, மைலோ டின் எல்லாம் வேண்டாம், தம்பி. அது எங்களைச் சிறுமைப்படுத்துகிறது. வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு எடுத்த காலத்தில், வேட்பாளர் விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்தால் மொத்தத் தோட்டத்தையும் பார்த்துவிடலாம். இப்போது லயங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் பாக்டரி பஸ்ஸுக்காக இருட்டில் சந்திப்பில் நிற்கிறார்கள். அங்கே வா. மேடை போடாதே, மைக் பிடிக்காதே. பதினெட்டு வயதானவர்களுக்கு இப்போது ஓட்டு தானாகவே வந்துவிடுகிறது, பாரம் பூர்த்தி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஓட்டை எதற்குப் போடுவது என்று அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் பஸ் டிக்கெட்டுக்குச் செலவு செய்து ஊருக்கு வர வேண்டும். அந்தக் காசுக்கு ஒரு காரணம் கொடு.

இது சாதாரணத் தொகுதி இல்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நின்ற இடம். 1974 முதல் 2008 வரை, அமைச்சராக இருந்த டத்தோ ஸ்ரீ சாமிவேலு வைத்திருந்த இடம். அவரை எதிர்த்து 1999இலும் 2004இலும் தோற்ற டாக்டர் ஜெயகுமார், 2008இல் மூன்றாவது முறையாக நின்று 1,821 ஓட்டில் ஜெயித்த இடம். நீயும் முதல் தடவை தோற்கலாம். பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் கட்டிய பத்தாயிரம் ரிங்கிட் டெபாசிட்டும் போய்விடும். அதற்காகச் சொல்ல வந்ததை விழுங்கிவிடாதே. தோற்றாலும் மறுநாள் இந்த ஊரில்தான் இருக்கப் போகிறாய், மழையும் இங்கேதான் பெய்யப் போகிறது.

உன் கட்சி உனக்கு இடம் கொடுக்கும்போது, இந்த உள்ளாட்சித் தேர்தல் பேச்சை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசி என்று சொன்னாலும் சொல்வார்கள். அப்போது என்ன பதில் சொல்வாய் என்று எனக்கு இப்போதே தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியிருக்கும், வீட்டுக்கு வா. அம்மாவையும் அழைத்து வா.

அன்புடன்,
தையல் கடை அக்கா