அச்சக உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. ஜிஎஸ்டி வகுப்பு, ஆயுத பூஜை, கண் பரிசோதனை முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. பேப்பர் விலையைப் பேசாத கூட்டம் ஒன்றுகூட இல்லை. பேசியதால் விலை குறையவும் இல்லை.

ஜனவரிக் கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊடகமும் விளம்பரமும் இணையத்தில் எந்தப் பக்கம் போகும் என்று மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸ் எழுதிய கட்டுரை 1996 ஜனவரியில் வந்தது. முப்பது வருடம் ஆன சாக்கில் அதைப் படித்துப் பேசினோம். தமிழில் சுருக்கி, ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தோம். கேட்ஸ் இணையத்தை ஒப்பிட்டதும் ஜெராக்ஸ் மெஷினோடுதான்: எத்தனை பேர் படித்தாலும் பிரதி எடுக்கும் செலவு சொற்பம். நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

செய்தி, பொழுதுபோக்கு, மென்பொருள் என்று விஷயம் தருபவர்களிடமே பெரிய பணம் சேரும் என்றார் அவர். விளம்பரமும் சந்தாவும் உடனே கைகொடுக்காது, ஆரம்பத்தில் பலர் ஏமாறுவார்கள் என்றும் எச்சரித்தார். இணையப் பக்கங்களில் முதல் பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபரில்தான் வந்திருந்தன. டயல்-அப் என்ற மெதுவான டெலிபோன் லைன் இணைப்பில் படம் இறங்குவதற்குள் வாசகர் பொறுமை இழப்பார் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. பக்கத்துக்கு ஒரு சென்ட், சில சென்ட் என்று வாசகர் கட்டும் காலம் வரும் என நம்பினார். இங்கே 2016இல் யூபிஐ வந்து, ஒரு ரூபாயைக்கூட நொடியில் அனுப்பலாம் என்றாகிவிட்டது. செய்தி படிக்க அந்த ஒரு ரூபாயைக் கொடுத்தவர் யார் என்று தலைவர் கேட்டார். ஒரு கையும் உயரவில்லை.

பணம் போன இடம் வேறு. 2000இல் கூகுள், தேடும் சொல்லுக்கு ஏற்ற விளம்பரத்தை விற்கத் தொடங்கியது. எழுதியவரைவிட, யார் எதைத் தேடுகிறார் என்று தெரிந்தவருக்கே காசு சேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் சொந்தக் கலைக்களஞ்சியமான என்கார்ட்டாவே 2009இல் நின்றுபோனது. காசு வாங்காத விக்கிப்பீடியா ஓடிக்கொண்டிருக்கிறது. விஷயம் வேண்டும் என்று கேட்ஸ் சொன்னது சரி. கல்லாப்பெட்டி யாரிடம் இருக்கும் என்பதில்தான் கணக்குத் தப்பியது என்பது என் கருத்து.

அப்புறம் பேச்சு நம் தொழிலுக்கு வந்தது. பெரியவர்களுக்கு மட்டும் நூறு கல்யாணப் பத்திரிகை, மீதிப் பேருக்கு வாட்ஸ்அப் என்கிறார்கள். வாட்ஸ்அப்புக்கான டிசைனை ஓசியில் கேட்கிறார்கள் என்று சிலர் கொதித்தார்கள். பிள்ளையார் சுழியிலிருந்து தாய்மாமன் பெயர் வரிசை வரை பார்த்து, விட்டுப்போன சித்தப்பாவைச் சேர்த்துக் கொடுப்பது நாம்தானே! டிசைனுக்குத் தனிக் கட்டணம் என்று அன்றே தீர்மானம் போட்டோம். எவ்வளவு என்பதில் மட்டும் ஒத்துவரவில்லை. இன்றைய பொருள்நிரலில் அது நான்காவது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன் அவரிடம் கட்டிவிடவும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்